ஒரு பிடி அரிசியும் நாலு பைசாவும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்திச் சுருக்கிய எழுத்து வடிவம்)

மாடு மேய்க்கிற பையன் கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். காமராஜர் கார்ல போறார். வழியில ஒரு பையன் மாடு மேய்ச்சிட்டு இருக்கான். ஏன்பா பள்ளிக்கூடம் போகலைன்னு கேட்கிறார். போனா சோறு யார் போடுவான்னு அவன் திருப்பிக் கேட்கிறான். மதிய உணவுத் திட்டம் பிறக்குது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில இருந்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரைக்கும் இந்தக் கதையைக் கேட்காம யாரும் வளர்ந்திருக்க முடியாது.

அது நடந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு நான் பேசப் போறதில்ல. கதை அந்த இடத்துலயே முடிஞ்சு போறதுதான் எனக்குக் குறையா இருக்கு. சோறு போடணும்னு ஒரு முதலமைச்சர் முடிவு பண்ணிட்டார், சரி. அரிசிக்கு யார் காசு கொடுத்தது? விறகு எங்கிருந்து வந்துச்சு? பெஞ்சும் கரும்பலகையும் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு அதெல்லாம் யார் வாங்கிக் கொடுத்தது?

தொடக்கத்துல பெரும்பாலும் ஊர்க்காரங்கதான் கொடுத்தாங்க. அப்புறம் ஊரும் அரசும் சேர்ந்து. அதுக்கும் அப்புறம், மெதுவா, அரசு மட்டும். இந்த வரிசை எப்படி வந்துச்சுங்கறதுதான் இன்னைய எபிசோட். அரசுப் பள்ளிக்கு மக்கள் காசு கொடுக்கிறது நல்லதா, இல்ல அரசு தப்பிச்சுக்க வழி பண்ணிக் கொடுக்கிறதான்னு இப்பவும் வாக்குவாதம் நடக்குது. அதுக்கு இந்த வரலாறு ஒரு பதில் வெச்சிருக்குன்னு நான் நினைக்கிறேன்.

பானையில விழுந்த ஒரு பிடி

விருதுநகர்ல இருந்து தொடங்கலாம். அப்போ அதுக்குப் பேர் விருதுபட்டி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்க இருந்த நாடார் வணிகர்கள் மகமைன்னு ஒரு முறை வெச்சிருந்தாங்க. வாங்குற விக்கிற சரக்கு மேல ஒவ்வொரு வியாபாரியும் ஒரு சின்னத் தொகையைப் பொது நிதிக்குக் கொடுக்கணும். யாரும் சட்டம் போடல, ஆனா கிட்டத்தட்ட வரி மாதிரிதான் நடந்துச்சு. அந்தப் பணத்துல கிணறு வெட்டினாங்க, சத்திரம் கட்டினாங்க, பள்ளிக்கூடம் நடத்தினாங்க.

வியாபாரம் இல்லாத வீடுகளுக்கும் ஒரு வழி இருந்துச்சு. உலை வைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில போட்டு வைக்கணும். சேர்ந்த அரிசியைப் பள்ளிக்கூடத்துக்காக வந்து வாங்கிட்டுப் போவாங்க. அதனாலயே ஊர்ல பிடியரிசிப் பள்ளிக்கூடம்னு ஒரு பேர். க்ஷத்திரிய வித்யாசாலாங்கறது அதோட முழுப் பேர். அங்க படிச்ச ஒரு பையன் அப்பா இறந்த பிறகு ஆறாம் வகுப்போட படிப்பை விட்டான். அவர்தான் பின்னாடி முதலமைச்சர் ஆன காமராஜர்.

அந்தக் காலத்துல பல கோயில்களுக்குள்ள நாடார்களை விடல. 1890-கள்ல கமுதியிலும் கழுகுமலையிலும் இதுக்காகப் பெரிய மோதல்கள் நடந்துச்சு. பொது இடம் தனக்கு இல்லைன்னு ஆன ஒரு சமூகம், தனக்குன்னு ஒரு பொது நிதியை உண்டாக்கிக்கிச்சு. அதோட பலம் அது. அதோட எல்லையும் அங்கதான் இருக்கு. மகமை வசூலிக்க ஒரு வியாபாரச் சமூகம் வேணும். கூலிக்குப் போற சாதிகளுக்கு எந்த மகமை? பிடியரிசி எடுத்து வைக்கணும்னா முதல்ல வீட்டுல அரிசி இருக்கணும்.

சென்னையில ஒரு அணா

அடுத்த காட்சி சென்னை, 1920. நீதிக்கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவரா இருக்கார். ஆயிரம் விளக்குல இருந்த மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம்னு தீர்மானம் போடுறாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாது. அப்புறம் இன்னும் நாலு பள்ளிகளுக்கு இது போச்சு. 1922-23-ல் இந்த அஞ்சு பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பிள்ளைகள். இரண்டே வருஷத்துல இரண்டு மடங்கு.

1925-ல் திட்டம் நின்னு போச்சு. தொடக்கக் கல்விக்கான நிதியை சோத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு சொல்லிடுச்சு. பிற்பாடு ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்னு சுருக்கி மறுபடி நடத்தினாங்க, அவ்வளவுதான். சோறு போட்டா பிள்ளைங்க வருவாங்கன்னு 1925-லேயே நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா அந்தச் செலவு கல்விச் செலவா, தர்மச் செலவாங்கற கணக்குல திட்டம் மாட்டிக்கிச்சு. பின்னாடி வர்றதுக்கெல்லாம் இதுதான் முக்கியம்.

காசு இல்ல, இப்போ என்ன பண்றது?

சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறாங்க. இன்னைய தமிழ்நாட்டுப் பகுதியில எழுத்தறிவு சுமார் 21 சதவீதம். பெண்கள்ல பத்துக்கு ஒருத்தர். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டு வரணும்னு அரசியல் சட்டம் சொல்லுது, கஜானா கை விரிக்குது.

1953-ல் முதலமைச்சர் ராஜாஜி ஒரு வழி சொன்னார். கிராமத் தொடக்கப் பள்ளிகள்ல பாட நேரத்தைக் குறைச்சு, பிள்ளைகளை இரண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவு வகுப்புல இருக்கும்போது இன்னொரு பிரிவு வீட்டுல பெற்றோரோட தொழிலைக் கத்துக்கணும். அதே கட்டடம், அதே வாத்தியார், அதிகப் பிள்ளைகள். கணக்குப் பார்த்தா சிக்கனமா தெரியும். ஆனா அப்பன் தொழிலை மகன் கத்துக்கணும்னு சாதிச் சமூகத்துல சொன்னா அதோட அர்த்தம் என்னன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. குலக்கல்வித் திட்டம்னு பேர் வெச்சுப் பெரியாரும் திமுகவும் போராடினாங்க, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வந்துச்சு. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சர் ஆனார். மே மாசம் திட்டம் கைவிடப்பட்டுச்சு.

திட்டம் போயிடுச்சு, ஆனா காசு இல்லைங்கற பிரச்சினை போகல. இரண்டாவது பதில் தேட வேண்டியிருந்துச்சு. அந்தத் தேடல்ல காமராஜருக்குப் பக்கத்துல நின்னவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்துல ஒரு கிராமத்துல பிறந்தவர், பின்னாடி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர்.

ஆறும் நாலும் பத்து

1956-ல் எட்டயபுரத்துல, பாரதி பிறந்த ஊர்ல, காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைக்கிறார். அப்போ இது ஊர்க் குழுக்கள் நடத்துற ஏற்பாடு. கல்வித் துறை அதிகாரிகளும் ஆசிரியர்களும் ஊர் ஊராப் போய் பேசுவாங்க. ஊர்ல ஒரு குழு அமையும். காசா கொடுக்க முடிஞ்சவங்க காசு, மத்தவங்க நெல்லு, கம்பு, காய்கறி, விறகு. பிடியரிசிப் பானை மறுபடி வந்துடுச்சுன்னு சொல்லலாம். ஒரு வித்தியாசம், இப்போ பானை ஒரு சமூகத்தோட பள்ளிக்காக இல்ல, ஊர்ப் பள்ளிக்காக.

1957-ல் அரசு கூட்டு சேருது. அந்த வருஷம் ஏப்ரல்லதான் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்திருக்கு. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசான்னு கணக்கு. அதுல 6 பைசா அரசு, 4 பைசா ஊர். வருஷத்துக்கு 200 நாள்.

இதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு அரசு 12 ரூபாய், ஊர் 8 ரூபாய். 100 பிள்ளை சாப்பிடுற பள்ளின்னா ஊர் 800 ரூபாய் திரட்டணும், அரசு 1,200 ரூபாய் கொடுக்கும். நாலு பேர் கடை வெச்சிருக்கிற ஊர்ல 800 ரூபாய் முடியாத காரியம் இல்ல. வானம் பார்த்த பூமியில அது பெரிய காசு.

ஆனா இந்த ஆறும் நாலும் ஏற்பாட்டுல ஒரு சூட்சுமம் இருக்கு. 1925-ல் மாட்டின கணக்கு நினைவிருக்கா? இந்தத் தடவை 4 பைசாவை ஊர் முன்னாடியே கொண்டு வந்து வெச்சிடுச்சு. தேவையில்லாத செலவுன்னு யார் சொல்ல முடியும்? ஜனங்களே கை காசு போட்டு நடத்துற விஷயத்துக்கு அரசு மீதியைக் கொடுக்க மாட்டேன்னு எப்படிச் சொல்லும்? நம்ம ஊர்ல நிலம் வாங்கும்போது அச்சாரம் கொடுப்போம் இல்லையா, அந்த மாதிரி. அச்சாரம் கை மாறிடுச்சுன்னா விக்கிறவர் பேச்சு மாற முடியாது. மாநிலம் முழுக்க இருந்த ஊர்கள் அரசாங்கத்துக்கிட்ட அப்படி ஒரு அச்சாரத்தைக் கொடுத்துச்சு.

பந்தல்ல வரிசையா பெஞ்சு

சோறு வந்துச்சு, பிள்ளைங்க வந்தாங்க. உட்கார இடம் இல்ல. 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ணு தொடங்குறாங்க. முதல் மாநாடு அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்த கடம்பத்தூர்ல.

பேர்தான் மாநாடு. நடந்த வேலை இப்படி. முதல்ல அந்த வட்டாரத்துல ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன வேணும்னு பட்டியல் எடுக்கணும். கூரை மாத்தணும், ஒரு அறை கூடுதலா வேணும், குடிதண்ணிக்கு வழி வேணும், உலக வரைபடம், கடிகாரம், பெஞ்சு, கரும்பலகை. அப்புறம் எதை யார் ஏத்துக்கிறாங்கன்னு ஊர்ல பேசி முடிக்கணும். ஒருத்தர் நிலம் கொடுப்பார், ஒருத்தர் சுவருக்கு வெள்ளை அடிச்சுக் கொடுப்பார். கடைசியா ஒரு நாள் எல்லாரும் கூடி, அமைச்சரோ முதலமைச்சரோ முன்னாடி, இந்த ஊர் இந்தப் பள்ளிக்கு இதைச் செஞ்சுச்சுன்னு அறிவிக்கணும். இப்படி மாவட்டம் மாவட்டமா நடந்துச்சு. பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கிறதும் இந்த மாதிரி ஊர் நன்கொடையிலதான் தொடங்குச்சு.

எனக்கு இதுல பிடிச்சது அந்தப் பட்டியல். என்ன இல்லைங்கறது எழுத்துல வந்துடுது. ஊர் பாதியைச் செஞ்சு முடிச்சதும் மீதி யார் கணக்குங்கறதும் எல்லாருக்கும் தெரிஞ்சிடுது.

1951-ல் சுமார் 21 சதவீதமா இருந்த எழுத்தறிவு 1961-ல் சுமார் 31 சதவீதம். மொத்தப் பெருமையும் சோத்துக்கும் பெஞ்சுக்கும் கிடையாது. இதே காலத்துலதான் பள்ளி இல்லாத சிற்றூர்களுக்கெல்லாம் ஓராசிரியர் பள்ளிகள் போச்சு. ஆனா திறந்த பள்ளிக்குள்ள பிள்ளைகளை இருக்க வெச்சதுல மதியச் சோத்துக்குப் பங்கு இருந்துச்சு.

உபயம் எழுதின டியூப்லைட்

இனி இதோட இருட்டுப் பக்கம். கோயில்ல டியூப்லைட் கொடுத்தவர் பேரை அந்த லைட் மேலேயே பெருசா எழுதி, வெளிச்சம் வெளியே வராம போகும்னு ஒரு கிண்டல் உண்டு இல்லையா. நன்கொடைக்கு எப்பவும் அந்த ஆபத்து இருக்கு. கொடுத்தவர் பள்ளிக்கூடத்துல குரல் உயர்த்துவார். கொடுக்க முடியாதவர் வாசல்ல நிப்பார். நம்ம கிராமத்துல ஊர்னு சொன்னா பல நேரம் சேரி அதுல சேராது. அப்போ ஊர்ப் பணம்னா யார் பணம், யார் முடிவு?

வறட்சி வந்தா வசூல் குறையும். உற்சாகம் ஆறிப் போனாலும் குறையும். அதிகம் பசிக்கிற ஊர்தான் குறைவா கொடுக்க முடிஞ்ச ஊர். நன்கொடையை மட்டும் நம்புனா, தேவை எங்க அதிகமோ அங்க உதவி குறையும்.

இதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு தடவை அமெரிக்கா போயிட்டு வரலாம். தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிகளை உள்ளூர் வெள்ளை நிர்வாகங்கள் கிட்டத்தட்ட கைவிட்டிருந்த காலம். 1912-ல் புக்கர் டி. வாஷிங்டனும், சியர்ஸ் நிறுவனத்தை நடத்தின ஜூலியஸ் ரோசன்வால்டும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினாங்க. ரோசன்வால்ட் ஒரு பங்கு தருவார், உள்ளூர் மக்கள் ஒரு பங்கு திரட்டணும், மாவட்டக் கல்வி வாரியம் மீதியைப் போட்டு அதைப் பொதுப் பள்ளியா நடத்தணும். 1932-க்குள்ள 15 மாநிலங்கள்ல 4,977 பள்ளிகள் எழும்புச்சு. மொத்தச் செலவுல 60 சதவீதத்துக்கு மேல வரிப் பணம். ரோசன்வால்ட் தரப்பு கொடுத்தது சுமார் 44 லட்சம் டாலர். பருத்திக் காட்டுல உழைச்ச கறுப்பின மக்கள் திரட்டினது சுமார் 47 லட்சம் டாலர். கோடீஸ்வரரைவிட அவங்க அதிகம் கொடுத்திருக்காங்க.

வரலாற்று ஆய்வாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை இரட்டை வரின்னு சொல்றார். அவங்க ஏற்கெனவே வரி கட்டிட்டாங்க. அந்த வரி வெள்ளைப் பிள்ளைகளோட பள்ளிக்குப் போச்சு. தன் பிள்ளைக்காக இரண்டாவது தடவை கட்டினாங்க. இங்கேயும் அச்சாரம் ஓரளவு வேலை செஞ்சுச்சு, அரசு நிலத்துல பொதுப் பள்ளிகள் வந்துச்சு. ஆனா ஓட்டுரிமை பறிக்கப்பட்ட மக்களால மீதியைக் கேட்டு வாங்க முடியல. பிரிச்சு வைக்கிற பள்ளிகள் செல்லாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1954 மே மாசம். நம்ம ஊர்ல குலக்கல்வித் திட்டம் போன அதே மாசம்.

இந்த இரண்டு கதைக்கும் நடுவுல எனக்குத் தெரியிற வித்தியாசம் ஓட்டு. 4 பைசா கொடுத்த நம்ம ஊர்க்காரர் கையில ஓட்டும் இருந்துச்சு.

நாலு பைசா எங்க போச்சு?

1960-களின் தொடக்கத்துல ஊராட்சி ஒன்றியங்கள் வந்துச்சு. உங்க தாத்தா ஊர்ப் பள்ளிக்கூடப் போர்டுல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளின்னு இருக்கும், அந்தப் பேர் அங்கிருந்து வந்ததுதான். ஊரோட பங்கு மெல்ல மெல்ல இந்த அமைப்புகளோட கணக்குக்கு மாறுச்சு. 1961-ல் கேர் அமைப்பு மூலமா வெளிநாட்டுப் பால் பவுடரும் எண்ணெயும் வந்துச்சு.

1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சி பக்கத்துல பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இதுல ஊர் எவ்வளவு கொடுத்துச்சுங்கற கேள்வியே இல்ல. முழுச் செலவும் அரசோடது. கட்டுபடியாகாதுன்னு அன்னைக்கு விமர்சனம் வந்துச்சு, திட்டம் நிக்கல. 2001 நவம்பர்ல, உணவு உரிமை வழக்குல, எல்லா மாநிலங்களும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள்ல சமைச்ச உணவு தரணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளோட தொடங்கி, அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போச்சு. ஆயிரம் விளக்குச் சிற்றுண்டிக்கு நூறு வருஷம் கழிச்சு ஒரு பதில்.

ஒரு பிடியில தொடங்கினது, நாலு பைசாவாகி, கடைசியா ஒரு உரிமையா ஆயிடுச்சு. யாரும் இப்போ நன்றி சொல்லிட்டுச் சாப்பிட வேண்டியதில்ல.

நீங்க இப்பவும் கொடுத்துட்டுதான் இருக்கீங்க

சரி, ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற உங்களுக்கும் எனக்கும் இதுல என்ன? உங்க ஃபார்ம் 16-ஐ எடுத்துப் பாருங்க. வருமான வரி மேல 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ்னு ஒரு வரி இருக்கும். 2004-ல் தொடக்கக் கல்விக்காக 2 சதவீதம்னு தொடங்கினது, 2018-ல் இருந்து 4. பிடியரிசியோட நவீன வடிவம்னு வெச்சுக்கலாம். ஆனா பானை டெல்லியில இருக்கு. செஸ் வரியை மாநிலங்களோட பகிர்ந்துக்கணும்னு மத்திய அரசுக்குக் கட்டாயம் இல்ல.

அதுக்கு மேல 2022 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு தொடங்கின நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி இருக்கு. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அது மூலமா அரசுப் பள்ளிக்குப் பணம் கொடுக்கலாம். கிராமங்கள்ல கல்விச் சீர்னு ஒண்ணு நடக்குது. கல்யாணச் சீர் மாதிரியே மேளதாளத்தோட பீரோ, நாற்காலி, மின்விசிறி, தட்டு, டம்ளர் எல்லாம் ஊர்வலமா பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

கொடுங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கடம்பத்தூர்ல இருந்து பட்டியலையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும். அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேணும்னு வளர்ச்சித் திட்டம் எழுதுறது அவங்க பொறுப்பு. ஸ்மார்ட் போர்டு கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தத் திட்டத்தைப் படிங்க. கழிப்பறைக்குத் தண்ணி இல்லைன்னு அதுல எழுதியிருக்கலாம். எதை நாம செய்யலாம், எதை அரசு செய்யணும்னு அந்தக் குழுவுல இருக்கிற அம்மாக்கள்கிட்ட கேளுங்க. கொடுத்த பிறகு, மீதி எப்போ வரும்னு அவங்களோட சேர்ந்து எழுத்துல கேளுங்க. அப்படிக் கேட்காத பணம் கொடுத்தவர் பேரோட சுவர்ல நின்னுடும்.

அச்சாரம் கொடுத்தவருக்குச் சரக்கைக் கேட்கிற பாத்தியதை உண்டு. 1957-ல் நாலு பைசா கொடுத்தவங்க கேட்டாங்க, வாங்கினாங்க. அவங்க பேரக்குழந்தைகள்ல பல பேர் இப்போ இதை இயர்போன்ல கேட்டுட்டு இருக்கீங்க.

உங்க வீட்டுப் பெரியவங்கள்ல யாராவது அந்த 200 நாள் சோத்தைச் சாப்பிட்டிருந்தா, என்ன போட்டாங்க, யார் சமைச்சாங்க, எல்லாரும் ஒரே வரிசையில உட்கார்ந்தாங்களான்னு கேட்டு எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. கடைசிக் கேள்வியை மட்டும் மறக்காம கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.